சர்வே நம்பருக்கு முன்னால் இருந்த பெயர்

மண் பரிசோதனைக்கு வரும் பையின் மேல் சர்வே நம்பர் இருக்கும். அதே விவசாயி பக்கத்துக் கழனிக்காரரிடம் பேசும்போது நம்பரைச் சொல்வதில்லை. ‘மேட்டுக்கழனி', ‘தாங்கலடி', ‘பனங்கொல்லை' என்று பெயர்தான் சொல்வார். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நம்பரைவிட அந்தப் பெயர்தான் கூடுதல் தகவல் தருகிறது. மேடா பள்ளமா, ஏரிப் பாசனமா மானாவாரியா என்று பாதிக் கதை அதிலேயே வந்துவிடுகிறது.

சில பெயர்கள் இப்படி நேராகப் பேசுவதில்லை. ஒரு வீரனின் கதைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். தொண்டை மண்டலத்தில் அந்த வீரன் ஆதொண்டைச் சக்கரவர்த்தி. சோழ அரசனின் மகன், புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்களிடம் முதலில் தோற்றவன், பிறகு வென்றவன், வேளாளர்களைக் குடியேற்றி நிலம் பிரித்துக் கொடுத்தவன் என்று கதை போகும். திருமுல்லைவாயிலில் அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகவும், புழல் கோட்டையிலிருந்து கொண்டுவந்த வெள்ளெருக்குத் தூண்கள் அந்தக் கோயிலில் நிற்பதாகவும் சொல்வார்கள். (எருக்கு அவ்வளவு பருமனாக வளருமா என்று வேளாண்மை படித்தவரிடம் கேட்காதீர்கள்!) ஆதொண்டை என்பது நம் கரையோரப் புதர்க்காட்டில் வளரும் ஒரு முள்கொடியின் பெயரும்கூட.

வரலாற்று அறிஞர்கள் பலர் ஆதொண்டனைக் கதைமாந்தராகவே கொள்கிறார்கள். எனக்கு அதில் சண்டையில்லை. வென்றவனின் கதையைவிடத் தோற்றவர்களின் ஊர்ப்பட்டியல்தான் என் கவனத்தை இழுத்தது. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் 200 ஆண்டுகளுக்கு முன் திரட்டிய சுவடிக் குறிப்புகளில், கடல் வணிகத்துக்காகக் குறும்பர் கோட்டை கட்டிய இடங்கள் என்று சில ஊர்கள் வருகின்றன. அவற்றில் பட்டிபுலம் உண்டு, சாளுவன்குப்பம் உண்டு, தெற்கே ஆலம்பரையும் மரக்காணமும் உண்டு. பட்டிபுலம் நாவலூரிலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது.

பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கும் இடம். புலம் என்றால் வயல். குறும்பரோ ஆடு மேய்த்த குடி. கோட்டை இருந்ததா என்று தோண்டிப் பார்ப்பது தொல்லியல் வேலை. இந்தப் பெயரில் எனக்குத் தெரிவது கிடை. கடலோர மணல் நிலத்தில் சத்து தங்காது, மழையோடு இறங்கிவிடும். அங்கே கேழ்வரகோ மணிலாவோ எடுக்க வேண்டுமென்றால் ஆட்டுக்கிடை போட்டுப் புழுக்கையையும் மூத்திரத்தையும் மண்ணில் சேர்த்தால்தான் உண்டு. பல காலம் பட்டி இருந்த இடத்தில் மணிச்சத்து கூடி நிற்கும். தழைச்சத்து கரைந்து போனாலும் மணிச்சத்து அவ்வளவு எளிதில் நகராது. பழைய குடியிருப்புகளையும் தொழுவங்களையும் மண்ணிலுள்ள மணிச்சத்தை அளந்தே கண்டுபிடிக்கலாம் என்று சுவீடனில் அர்ரேனியஸ் என்பவர் 1930-களை ஒட்டிக் காட்டினார். ஆகவே ஒரு நிலத்துக்குப் ‘பட்டி' என்று பெயர் இருந்தால், டி.ஏ.பி. மூட்டையைப் பிரிப்பதற்கு முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள். பெயர் துப்புதான், சாட்சி மண் பரிசோதனை அட்டை.

இன்னொரு வகைப் பெயர் பாண்டவரைச் சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கக் கல்வட்டங்கள் கிடக்கின்றன. ஊரில் இவற்றைப் ‘பாண்டவர் குழி' என்பார்கள், குறும்பர் வேலை என்று சொல்வோரும் உண்டு. மதுராந்தகம் அருகே சாணூரில் இந்தியத் தொல்லியல் துறை 1950-லும் 1952-லும் தோண்டியபோது, இவை இரும்புக் கால ஈமச்சின்னங்கள் என்பது தெளிவாயிற்று. இவை பெரும்பாலும் ஏரிக்கு மேலே, சரளை நிலத்தில்தான் இருக்கும். நெல் விளையும் மண்ணை அந்தக் காலத்து மக்கள் சுடுகாட்டுக்கு ஒதுக்கவில்லை. அப்படிப் பெயருள்ள நிலத்தில் மேல்மண் ஆழம் குறைவு, நீர் நிற்காது என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது. கல்வட்டத்தைப் பெயர்த்து வரப்புக்குப் போடுவது மட்டும் வேண்டாம்.

ஆதொண்டன் கதைக்கு ஒரு கூர்மையான முனையும் உண்டு. நிலத்தின் மேல் காணியாட்சி யாருக்கு என்ற வழக்கு எழுந்தபோதெல்லாம், ‘எங்களைக் குடியேற்றியவன் ஆதொண்டன்' என்பது ஒரு வாதமாக இருந்தது. சென்னை கலெக்டர் எல்லிஸ் 1818-ல் மிராசு உரிமை பற்றி வெளியிட்ட நூலிலும் இந்தக் கதை இடம்பெற்றிருக்கிறது. கழனியில் இறங்கி உழைத்த பண்ணையாட்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. பெயர் சேகரிக்கும்போது இதை மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

நாவலூருக்கு வருவோம். நாவல் ஈரம் தாங்கும் மரம். வேரில் சில நாள் தண்ணீர் நின்றாலும் பிழைக்கும். பக்கத்திலேயே தாழம்பூர், கழிப்பட்டூர். தாழை ஈர மணலில் வளர்வது. கழி என்பது உப்பங்கழி. தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை இந்த மூன்று பெயர்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. 2015 டிசம்பரில் பழைய மாமல்லபுரம் சாலையோரம் வெள்ளம் புகுந்த அடுக்குமாடிகளின் வரைபடங்களில் மனை எண் இருந்தது. பள்ளத்தின் பெயர் இல்லை.

இங்கிலாந்தில் 1836-ம் ஆண்டு தசமபாகச் சட்டத்தின்போது ஊர் ஊராக வயல் பெயர், உடைமையாளர், பயிர் எல்லாம் படத்தோடு பதிவாயின. ராபின் ஹூட் பெயர் தாங்கிய வயல்களை அங்கே இன்றும் தேடிப் பிடிக்க முடிவது அதனால்தான். நம்மிடமும் செல்வம் குறைவில்லை. 1767 முதல் 1774 வரை பார்னார்டு நடத்திய செங்கல்பட்டு அளவையில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் ஏரி, கழனி, மானிய விவரங்கள் உள்ளன. ஆனால் தனித்தனிக் கழனியின் பெயரைத் தேட உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கிரயப் பத்திரம்தான் நல்ல இடம். ‘இன்ன பெயருள்ள கழனி' என்று எல்லை விவரத்தோடு எழுதியிருக்கும். இப்போதைய பட்டாவில் அது கிடையாது.

கிராம நிர்வாக அலுவலகத்தில் புலப்படத்தின் நகலை வாங்கி, ஒவ்வொரு சர்வே நம்பருக்குள்ளும் பென்சிலால் பெயரைக் குறியுங்கள். மண் பரிசோதனை முடிவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பட்டாதாரரிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்களுக்கு ஒவ்வொரு கழனியின் பெயரும் அத்துப்படி. பட்டி போட்ட இடமும் மேய்க்கால் எல்லையும் தெரிய வேண்டுமானால் ஆடு மேய்ப்பவரை, அவர் ஆடு ஓட்டிக்கொண்டு போகும் வழியிலேயே கூட நடந்துபோய்க் கேளுங்கள்.