பத்து நானோநொடிச் சூளை

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் பீங்கானைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் அருகிலேயே இருக்கிறது. சூளையை அவசரப்பட்டு ஏற்றினால் சாமான் விரிசல் விடும் என்பது அங்கே வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். மேற்பரப்பு சூடேறி விரியும்போது உட்பகுதி இன்னும் ஆறியே கிடக்கும். அந்த இழுபறியில் சாமான் கீறிவிடும்.

ஒளியைக் கணநேரத் துடிப்புகளாகப் பாய்ச்சும் துடிப்பு லேசரோ வெப்பம் உள்ளே போக நேரமே கொடுப்பதில்லை. ஒரு மில்லிஜூல் என்பது அற்ப ஆற்றல்தான். அதையே 10 நானோநொடிக்குள் கொட்டினால் அந்த நேரத்துக்கு மட்டும் திறன் ஒரு லட்சம் வாட். நூறு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே புள்ளியில் வைத்த மாதிரி.

அதற்குள் வெப்பம் எவ்வளவு ஆழம் இறங்கும்? பொருளின் வெப்பப் பரவுதிறனை நேரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தோராயமாகத் தெரிந்துவிடும். பீங்கானுக்குப் பரவுதிறன் நொடிக்குச் சுமார் 0.7 சதுர மில்லிமீட்டர். 10 நானோநொடியில் 80 நானோமீட்டர் சொச்சம்தான் இறங்கும். செம்பில் ஏறக்குறைய ஒரு மைக்ரான். அதே கணக்கில் 3 மில்லிமீட்டர் கோப்பைச் சுவரைக் கடக்கப் பதின்மூன்று நொடி ஆகும். ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு.

சரியான வெப்பநிலை வேண்டுமானால் ஃபூரியே 1822இல் நூலாக வெளியிட்ட வெப்பச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்க வேண்டும். பொருளை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றும் பக்கத்து அடுக்குக்கு எவ்வளவு வெப்பம் தருகிறது என்று நொடித்துணுக்கு நொடித்துணுக்காகக் கணக்கிடுகிறார்கள். எளிய முறையில் அடுக்கைப் பாதியாக்கினால் நொடித்துணுக்கைக் கால்வாசியாக்கியாக வேண்டும். வேலை எட்டு மடங்காகும். நொடித்துணுக்கு அந்த வரம்பை மீறினால் விடை தாறுமாறாக ஆடும். அந்தக் கெடுபிடியைத் தளர்த்த 1947இல் கிராங்க், நிக்கல்சன் இருவரும் ஒரு முறை தந்தார்கள். அதோடு மேற்பரப்பில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் அடுக்கு வைத்தால் போதும். முழுக் கோப்பைக்கும் நானோமீட்டர் அடுக்கு போடுவது வெட்டி வேலை.

வெள்ளைப் பீங்கானில் இன்னொரு தொல்லை. ஒளி மேலேயே நின்றுவிடாமல் உள்ளே சிதறிப் போகிறது. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மேற்பரப்பு இல்லாத சூட்டில் கொதிப்பதாகக் கணினி சொல்லும்.

பரவுதிறனை அளக்கவும் துடிப்பே உதவுகிறது. 1961இல் பார்க்கரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை இது: அளக்க வேண்டிய பொருளின் வில்லை ஒன்றில், ஒரு முகத்தில் ஒளித்துடிப்பைப் பாய்ச்சி, மறுமுகம் தன் உச்ச வெப்ப உயர்வில் பாதியைத் தொடும் நேரத்தைக் குறிக்க வேண்டும். தடிமனின் வர்க்கத்தை 0.1388ஆல் பெருக்கி அந்த நேரத்தால் வகுத்தால் பரவுதிறன். நம் 3 மில்லிமீட்டர் பீங்கானுக்கு அந்தப் பாதி உயர்வு நேரம் சுமார் 1.8 நொடி; முன்பு சொன்ன பதின்மூன்று நொடி வெறும் தோராயக் கணக்கு.