காதுக்கு அளவான கருவி

ஊர் விட்டு ஊர் வந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் வீடுகளில், பாட்டுக் கேட்பதற்குக்கூட நாலு பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஓர் அறையில் பேரன் பரீட்சைக்குப் படிக்கிறான். அடுத்த அறையில் இரவுப் பணி முடித்து வந்த மருமகள் உறங்குகிறாள். சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர். இதற்கு நடுவே தாத்தாவுக்குத் தோடி ஆலாபனை கேட்க வேண்டும். வீட்டில் சண்டை வராமல் இருக்க ஒரே வழி ஹெட்போன்தான்.

பிள்ளைகள் ஆசையாக நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கித் தருகிறார்கள். அதைக் கைபேசியில் செருகினால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. கடையில் கேட்டால், "இதற்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் சார்" என்கிறார்கள். விலையோ சில ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களில் போய் நிற்கிறது. பென்ஷன் பணத்தில் எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்று அன்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில், ஹெட்போனுக்கு என்ன தேவை என்று பார்ப்போம். நம் ரயில்வேயிலிருந்தே ஓர் உதாரணம். 1925-ல் பம்பாயில் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியபோது மேல்கம்பியில் இருந்தது 1500 வோல்ட். இன்று 25,000 வோல்ட். 3000 கிலோவாட் ஆற்றலைப் பழைய முறையில் கொடுக்க 2000 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. புதிய முறையில் ஏறக்குறைய 120 ஆம்பியரே போதும். வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், அவ்வளவுதான் கணக்கு.

ஹெட்போன்களிலும் இப்படி இரண்டு ஜாதி உண்டு. 300 ஓம் மின்தடை உள்ளவை வோல்ட்டை அதிகம் கேட்கும், மின்னோட்டம் கொஞ்சம் போதும். 32 ஓம், 16 ஓம் உள்ளவை வோல்ட்டைக் குறைவாகக் கேட்டு மின்னோட்டத்தை அதிகம் உறிஞ்சும். இரண்டு ஜாதிக்கும் ஈடுகொடுப்பதே நல்ல ஆம்ப்ளிஃபயர். அத்துடன் அதன் சொந்த மின்தடை, ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது துறையில் வழங்கும் விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். பழைய ஸ்டீரியோ கருவிகள் பலவற்றில் ஹெட்போன் துளையின் மின்தடை 100 ஓமுக்கும் மேல். அவற்றில் சில ஹெட்போன்களைச் செருகினால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மட்டும் ஊதிப் பெருத்துக் கேட்பது இதனால்தான்.

இந்தத் தேவைகளைக் குறைந்த செலவில் முழுமையாக நிறைவேற்றிக் காட்டிய கருவி, 2011-ல் வந்த 'ஆப்ஜெக்டிவ்-2' என்ற ஆம்ப்ளிஃபயர். சுருக்கமாக 'ஓ-2' என்பார்கள். இதை வடிவமைத்தவர் தம் உண்மைப் பெயரை வெளியிடவில்லை. 'என்.டபிள்யூ.ஏவி.கை' என்ற புனைபெயரில் எழுதினார். விலை உயர்ந்த கருவிகளை அளவுமானிகளில் பூட்டிச் சோதித்து, விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லாத இடங்களை எண்களோடு எடுத்துக்காட்டினார். "குறை சொல்கிறீரே, நீர் ஒன்று செய்து காட்டும்" என்று யாராவது கேட்பதற்கு இடம் வைக்காமல் தாமே ஒன்றைச் செய்தார். சுற்று வரைபடம், உதிரிபாகப் பட்டியல், சோதனை அளவுகள் அத்தனையையும் இலவசமாக வெளியிட்டார். வடிவமைப்பை மாற்றாமல் யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கவும் செய்யலாம் என்று உரிமமும் கொடுத்தார். 2012-ன் நடுவில் எழுதுவதை நிறுத்தினார். அதன்பின் அவரிடமிருந்து பொதுவில் ஒரு வார்த்தையும் இல்லை.

கருவியின் உள்ளே அபூர்வமான பாகம் எதுவும் கிடையாது. முதல் கட்டத்தில் ஒரு சாதாரண 'ஆப்-ஆம்ப்' சில்லு ஒலி அலையை 2.5 மடங்கோ 6.5 மடங்கோ பெருக்குகிறது. எது வேண்டும் என்பதை முன்பக்கத்துப் பொத்தானில் தீர்மானிக்கலாம். அதற்குப் பின்னால் வால்யூம் திருகு. கடைசிக் கட்டத்தில் இன்னும் இரண்டு சில்லுகள் மின்னோட்டத்தைக் கொடுக்கின்றன. ஒவ்வொரு காதுக்கும் இரண்டு பகுதிகள் இணையாக உழைக்கின்றன. தலைக்கு ஒரு ஓம் மின்தடை. எனவே வெளியே தெரியும் மின்தடை சுமார் அரை ஓம்தான். திருகைப் பெருக்கும் கட்டத்துக்குப் பின்னால் வைத்ததிலும் காரணம் இருக்கிறது. ஒலியைக் குறைக்கும்போது முதல் கட்டத்தின் இரைச்சலும் சேர்ந்து குறைந்துவிடும். மெல்லிய வீணைக் கச்சேரியை இரவில் கேட்பவருக்கு இந்த வித்தியாசம் புரியும்.

என் போன்ற ரயில்வேக்காரர்களை மிகவும் கவர்வது இதன் பாதுகாப்பு ஏற்பாடு. இது வீட்டு மின்சாரத்திலும் ஓடும், இரண்டு 9 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரிகளிலும் ஓடும். ஒன்று நேர், மற்றது எதிர். ஒரு பேட்டரி முந்தித் தீர்ந்துபோனால் சமநிலை கெட்டு நேர்மின்னோட்டம் ஹெட்போனுக்குள் பாய்ந்து அதைப் பொசுக்கிவிடக்கூடும். ஓ-2-வில் ஒரு காவல் சுற்று இருக்கிறது. எந்தப் பக்கம் மின்னழுத்தம் குறைந்தாலும் இரு பக்கத்தையும் ஒருசேரத் துண்டித்துவிடும். கம்பி அறுந்தால் கைகாட்டி தானாகவே 'நில்' நிலைக்கு வரவேண்டும் என்பது ரயில்வே சிக்னலின் அரிச்சுவடி. சில டாலர் உதிரிபாகங்களுக்குள் அதே ஒழுங்கைக் கொண்டுவந்திருக்கிறார் அந்த மனிதர்.

ஆற்றலோ ஏராளம். வீட்டு மின்சாரத்தில் ஓடும்போது சுமார் 7 வோல்ட் வரை தரும். ஆப்பிள் நிறுவனம் 2018-ல் 9 டாலருக்கு விற்கத் தொடங்கிய சிறு இணைப்பான் தருவது அதிகபட்சம் 1 வோல்ட். 300 ஓம் உள்ள ஒரு பிரபல ஹெட்போன் 1 வோல்ட்டில் 97 டெசிபல் ஒலிக்கும். 7 வோல்ட்டில் 114 டெசிபல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 97 டெசிபலே பலத்த சத்தம். ஆகவே பலருக்கு அந்தச் சிறு இணைப்பானே போதும். சோதிப்பது எளிது. உங்களிடம் உள்ளதிலேயே தாழ்ந்த ஒலியில் பதிவான பாட்டை, ஒரு பழைய வானொலிக் கச்சேரியை, போடுங்கள். கைபேசியின் ஒலியளவை முக்கால் பங்கு வைத்தாலே நிறைவாகக் கேட்டால், காசை வங்கியிலேயே வைத்திருங்கள். முழுதாக வைத்தும் போதவில்லை என்றால்தான் ஆம்ப்ளிஃபயர் தேவை. புளூடூத் ஹெட்போனுக்குத் தனிக் கருவி வேண்டியதே இல்லை. அதன் வயிற்றுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

ஆனால் நம்மில் பலருக்கு வேறொரு தேவை உண்டு. ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த கேசட்டுகளும், சபாக் கச்சேரிப் பதிவுகளும் பரணில் இருக்கின்றன. டேப் டெக்கின் பின்பக்கத்து 'லைன் அவுட்' துளை ஹெட்போனை நேராக இயக்காது. நடுவில் இந்தச் சிறு பெட்டி வந்தால் அது இயக்கும். டேப் டெக், சி.டி. பிளேயர், கணினி, ஹெட்போன் துளை உள்ள தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். சி.டி. பிளேயருக்கு மட்டும் 2.5 மடங்கையே வையுங்கள். 2 வோல்ட்டை 6.5 மடங்கு பெருக்கினால் 13 வோல்ட். அது கருவியின் எல்லையைத் தாண்டி ஒலி கரகரக்கும். இன்னொன்று, இதற்கு ஏ.சி. தரும் அடாப்டர் வேண்டும். கைபேசி சார்ஜர் தருவது டி.சி.; அது உதவாது.

ஓ-2 காட்டிய வழியில் விலையும் இறங்கியது. அமெரிக்காவில் ஓ-2-வைச் செய்து விற்ற ஜே.டி.எஸ். லேப்ஸ் நிறுவனமே 2018-ல் 'ஆட்டம்' என்ற கருவியை 99 டாலருக்குக் கொண்டுவந்தது. ஷீட் நிறுவனத்தின் 'மேக்னி'யும் 2012-ல் அதே விலையில்தான் அறிமுகமானது. எதை வாங்கினாலும் மூன்று எண்களைக் கேளுங்கள்: எத்தனை வோல்ட், 32 ஓமில் எத்தனை மில்லிவாட், வெளியீட்டு மின்தடை எத்தனை ஓம். எண்ணைச் சொல்லாமல் "தேன் போன்ற ஒலி" என்று மட்டும் சொல்லும் கடைக்காரரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக, காதைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அளவின்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். 90 டெசிபல் என்றால் பெரியவர்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஆற்றல் மிகுந்த ஆம்ப்ளிஃபயரைக் காதுக்குள் செருகும் சிறு ஹெட்போனோடு பூட்டி, திருகைக் கண்மூடித் திருப்பினால் நொடியில் தீங்கு வரும். செருகுமுன் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மெல்லக் கூட்டுங்கள். நாளுக்கு நாள் ஒலியைக் கூட்ட வேண்டியிருந்தால் அது கருவியின் குறை அல்ல. காது மருத்துவரைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் ஒருபோதும் செவித்துணைக் கருவி ஆகாது.

டிப்ளமோ, பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் இந்தச் சுற்றை ஒருமுறை தம் கையால் பற்றவைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு வடிவமைத்தவரே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கொடுத்துவிடட்டும். பரணில் தூங்கும் கேசட்டுகளுக்கு ஒரு விடிவுகாலம் பிறக்கும்.