ஓயாத ஹாரன்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்ஜிபி என்னும் ஸ்போர்ட்ஸ் காரில், சாவியை உருவிய பின்னும் ஹாரன் ஓயாமல் அலறத் தொடங்கினால், பொத்தானை மேலும் மேலும் குத்துவதில் பிரயோஜனமில்லை. அதன் பெரும்பாலான மாதிரிகளில், ஊதா நிறக் கம்பி வழியே வரும் மின்சாரம் ஃபியூஸைக் கடந்து ஹாரனில் சதா காத்திருக்கிறது. ஸ்டீயரிங் நடுவிலுள்ள பொத்தானோ, ஹாரனின் மறுமுனைக் கம்பியைக் காரின் உலோக உடலோடு சேர்த்துச் சுற்றைப் பூர்த்தி செய்யும் காரியம் ஒன்றையே செய்கிறது. ஆகவே அக்கம்பியின் உறை உராய்ந்து தேய்ந்து எங்கேனும் உலோகத்தைத் தொட்டாலும், பொத்தானின் தொடுதகடு வளைந்து ஒட்டிக்கொண்டாலும், எவர் கையும் படாமலே சப்தம் பிறந்துவிடும்.

உடனடிப் பரிகாரம், அந்த ஃபியூஸைப் பிடுங்குவதே. நெடுநேரம் அலறவிட்டால் ஹாரனுக்குள் இருக்கும் மின்காந்தச் சுருள் சூடேறிக் கருகக்கூடும். (பழைய மாதிரிகளில் பாட்டரிகள் இருக்கைகளுக்குப் பின்னே, தரைப்பலகைக்கு அடியில் இருப்பதால், அவசரத்தில் அவற்றை நாடுவது வீண்.)

பிறகு, ஸ்டீயரிங் தண்டுக்கருகே பொத்தானுக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபியூஸை மறுபடி செருகிப் பாருங்கள்: மௌனம் நிலைத்தால் கோளாறு ஸ்டீயரிங்கில், அலறல் தொடர்ந்தால் ஹாரன் பக்கத்துக் கம்பியில். தேய்ந்த கம்பிக்கு டேப் சுற்றிச் சமாதானம் கொள்ளாமல் புதுக்கம்பி இழுப்பதே, என் அபிப்பிராயத்தில், அந்த அழகிய வாகனத்துக்குச் செய்யும் மரியாதை.