குந்துவதா, கமோடா?

மலம் உள்ளே நிற்பதும் வெளியேறுவதும் பெருமளவு ஒரு தசையின் கையில் இருக்கிறது. இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் தொடங்கும் அந்தத் தசை மலக்குடலின் பின்புறமாகக் கயிறுபோல் வளைந்து, திரும்பவும் முன்பக்கமே வந்து சேர்கிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் குடலை முன்னால் இழுத்துப் பிடித்தபடி இருப்பதால், அந்த இடத்தில் குடல் ஏறக்குறைய செங்கோணமாக மடிந்திருக்கும். வடசென்னையின் எர்ணாவூர்ப் பக்கம் தண்ணீர் லாரி வந்து நிற்கும் நேரத்தில் இதே வேலை கையால் நடப்பதைப் பார்க்கலாம். ஒரு குடம் நிரம்பியதும் டியூபை மடித்துப் பிடிப்பார்கள், தண்ணீர் நின்றுவிடும். அடுத்த குடத்தில் வைத்து மடிப்பை விட்டால் மறுபடி பாயும். குந்தி உட்காரும்போது தசை நன்றாகத் தளர்ந்து குடலின் மடிப்பு நிமிர்கிறது. கமோடில் நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்ந்தால் மடிப்பு முழுதாக விடுபடாது. மீதியை முக்கித்தான் தள்ள வேண்டியிருக்கிறது.

வடசென்னைப் பேச்சில் "குந்து" என்றால் எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம், திண்ணையிலும் நாற்காலியிலும்கூட. மருத்துவம் பேசும் குந்துதல் வேறு. இரண்டு பாதமும் குதிகால் வரை தரையில் பதிந்து, தொடை வயிற்றை ஒட்டி, பிட்டம் கணுக்காலுக்கு அருகே இறங்கிய நிலை அது. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் மட்டும் நிற்பவர்களுக்குப் பாரமெல்லாம் முட்டிக்குப் போகும், பிடிமானமும் இருக்காது.

வடசென்னையில் குந்துவது, கமோடு என இரண்டு பழக்கமும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களுக்காகக் கட்டிய வீடுகள் இன்றும் "சுனாமி குடியிருப்பு" என்றே அழைக்கப்படுகின்றன. இத்தகைய அரசுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் தரையில் பதித்த இந்தியன் டாய்லெட்தான். அவற்றின் அருகே எழும் புதிய ஃபிளாட்டுகளில் கமோடு வைக்காத வீட்டைப் பார்ப்பது அரிது. ஒரே குடும்பத்தில் பாட்டிக்குக் குந்த முடியவில்லை, பேரனுக்குக் குந்தத் தெரியவில்லை. எது உடம்புக்கு நல்லது என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது.

இதை நேராக அளந்து பார்த்தவர்கள் குறைவு. இஸ்ரேலைச் சேர்ந்த டோவ் சிகிரோவ் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 28 பேர் பங்கேற்றார்கள். சுமார் 42 சென்டிமீட்டர் உயரமுள்ள வழக்கமான கமோடு, அதைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்த இருக்கை, குந்துதல் என மூன்று விதமாகவும் அவர்கள் மலம் கழித்து, ஆன நேரத்தைக் குறித்தார்கள். திருப்தியாகப் போகக் குந்தும்போது சராசரியாக 51 நொடி போதுமாக இருந்தது. தாழ்ந்த இருக்கையில் 114 நொடியும், வழக்கமான கமோடில் 130 நொடியும் ஆயின. முக்க வேண்டிய அளவும் குந்தும்போதுதான் குறைவு என்றார்கள். 2010-இல் ஜப்பானின் சகாகிபாரா குழு 6 பேரை எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்தது. கமோடில் உட்காரும்போது குடல் மடிப்பின் கோணம் சுமார் 100 பாகை, குந்தும்போது 126 பாகை. 28 பேரும் 6 பேரும் பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனாலும் இரண்டு ஆய்வும் ஒரே திசையில் செல்கின்றன, தசையின் அமைப்பும் அதற்குப் பொருந்துகிறது. குந்தினால் மலம் எளிதாகப் போகும் என்பதை நம்பலாம்.

அதற்கு மேல் சொல்லப்படும் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை. குந்தினால் குடல் புற்றுநோய் வராது, குடல்வால் அழற்சி வராது என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்திகள் நிரூபிக்கப்படாதவை. மூல நோயையும் கமோடின் தலையில் மட்டும் போட முடியாது. தலைமுறை தலைமுறையாகக் குந்தியே வந்த நம் ஊரில் மூலத்துக்கும் ஆசனவாய் வெடிப்புக்கும் எப்போதும் குறைவிருந்ததில்லை. நார்ச்சத்தில்லாத சாப்பாடு, போதாத தண்ணீர், அடக்கி வைக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த நிலையில் உட்கார்ந்தாலும் மலம் இறுகும்.

குந்துவதன் இன்னொரு பக்கம் முழங்கால். காசிமேட்டில் அரிவாள்மணையின் முன் தாழ உட்கார்ந்து மணிக்கணக்கில் மீன் வெட்டும் பெண்களை நினைத்துப் பார்க்கலாம். வேலை நேரம் முழுவதும் மடங்கியே இருந்த முட்டியை வீட்டுக்கு வந்ததும் கழிப்பறையில் மறுபடி மடக்க வேண்டும். பெய்ஜிங்கில் முதியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. இளம் வயதில் நாளுக்குப் பல மணி நேரம் குந்தியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் அதிகம் காணப்பட்டது. கழிப்பறையில் செலவாகும் ஐந்து நிமிடத்தை அதோடு சமப்படுத்தக் கூடாது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த முட்டிக்கு அந்த ஐந்து நிமிடமே பெரும் வேதனை. வலிக்குப் பயந்து போவதைத் தள்ளிப்போடுகிறார்கள், அதனால் மலம் இறுகுகிறது, இறுகியதை முக்கினால் மூலம் வருகிறது. முட்டி தேய்ந்தவருக்குக் கமோடுதான் சரி, அதில் தயங்க ஒன்றுமில்லை.

நீண்ட நேரம் குந்தியே இருந்தால் முட்டிக்குப் பக்கவாட்டில் ஓடும் நரம்பு அழுந்திக் கால் மரத்துப்போகும். சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், ஈரத் தரை அதைக் கூட்டும். இதய நோயாளிகள் எந்தக் கழிப்பறையிலும் மூச்சை அடக்கி முக்கக் கூடாது.

கமோடின் தனிக் குறை, அது சௌகரியமாக இருப்பதே. குந்தியவர் கால் வலித்து எழுந்துவிடுவார். கமோடில் இருப்பவர் செல்போனோடு அரை மணி நேரம் இருந்துவிடுவார். இருக்கையின் நடுவே உள்ள துளையில் ஆசனவாய்ப் பகுதி தாங்கலின்றித் தொங்க, அங்குள்ள ரத்தக் குழாய்கள் வீங்குகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 125 பேரிடம் நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. கழிப்பறைக்குள் செல்போன் பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிகம் என்று அதில் தெரிந்தது. செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போவதற்குச் செலவே இல்லை.

கமோடிலேயே குந்தும் நிலையை ஓரளவு கொண்டுவரலாம். ஏழு முதல் ஒன்பது அங்குல உயரமுள்ள ஸ்டூலையோ பழைய மணைக்கட்டையையோ கமோடின் முன் போட்டு அதில் பாதங்களை வைக்க வேண்டும். முட்டி இடுப்பைவிடச் சற்று உயரும். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் குனிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் ஒஹாயோவில் 52 பேர் இத்தகைய காலடி ஸ்டூலைச் சில வாரம் பயன்படுத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அவர்களில் 71 சதவீதத்தினர் சீக்கிரம் முடிந்ததாகவும் 90 சதவீதத்தினர் குறைவாக முக்கியதாகவும் சொன்னார்கள். ஆனால் ஜப்பான் ஆய்வில், உட்கார்ந்தபடி முட்டியை மட்டும் உயர்த்தியபோது கோணம் கூடவே இல்லை, 99 பாகையாகவே இருந்தது. ஸ்டூல் முழுக் குந்துதலுக்கு ஈடாகிவிடாது என்றாலும் பலருக்குப் பயன்படுகிறது. பாதம் எட்டாமல் கால் தொங்கும் குழந்தைகளுக்கு இது அவசியமே. கமோடின் விளிம்பில் ஏறிக் குந்துவது மட்டும் கூடாது. பீங்கான் உடைந்தால் ஆழமான வெட்டுக்காயம் ஏற்படும்.

சுத்தத்தைப் பொறுத்தவரை, பலர் வந்துபோகும் பொதுக் கழிப்பிடத்தில் தோல் எதிலும் படாத இந்தியன் டாய்லெட் மேலானது. வீட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் முக்கியம். தண்ணீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு தடவைக்கு 10 லிட்டர் வரை இழுக்கும். குடத்தில் தண்ணீர் சுமக்கும் வீட்டில் அது சின்ன விஷயமல்ல. இரண்டு பொத்தான் உள்ள புதிய தொட்டி வழக்கமாக 3 அல்லது 6 லிட்டரில் முடித்துக்கொள்ளும்.

உட்காரும் விதம் மட்டுமல்ல, போகும் நேரமும் முக்கியம். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தொழிலாளிகளும், வெளியே கழிப்பறை கிடைக்காத பெண்களும் வரும் உணர்வை அடக்கிப் பழகிவிடுகிறார்கள். அடக்கிய மலத்திலிருந்து குடல் மேலும் மேலும் நீரை உறிஞ்சும். காலையில் சாப்பிட்ட பிறகு குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தைத் தவறவிடாமல் போவது நல்லது. நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கீரை, அவரை, கேழ்வரகு, கொய்யா தினமும் தட்டில் இருந்தால் அதை எட்டலாம். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்ல வேண்டும்.

மலத்தில் ரத்தம், கரிய நிறம், காரணமில்லாத எடைக் குறைவு, நடுவயதுக்குப் பின் திடீரென மாறிய மலப் பழக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மூலம்தான் என்று தாமாகவே முடிவு செய்து நாட்டு மருந்து தேடக் கூடாது. ராயபுரத்தின் அருகே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

முட்டியில் வலி இல்லாதவர்கள் குந்தும் பழக்கத்தை விட வேண்டியதில்லை. குந்த முடியாத பெரியவர் இருக்கும் வீட்டில், துளையுள்ள கமோடு நாற்காலியை இந்தியன் டாய்லெட்டின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். கழிப்பறைச் சுவரில், உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில், ஓர் இரும்புக் கைப்பிடியைச் செங்கல்லோடு சேர்த்து இறுக்கமாகப் பதித்துக் கொடுங்கள். அவர் உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.