கரையில் பூனை, கடலில் ஆவுளியா: மீசை என்னும் தொடுபுலன்

தூத்துக்குடி நகரின் வடபுறத்தில் உள்ள திரேஸ்புரம், நாட்டுப்படகு மீனவர்களும் சங்குகுளிப்பவர்களும் வாழும் கடற்கரைப் பகுதியாகும். மீன் இறங்கும் இத்தகைய துறைகளில், ஏலம் முடிந்தபின் சிதறிக் கிடக்கும் பொடிமீனைத் தேடிப் பூனைகள் கூடுவது வழக்கம். அதே கரைக்கு எதிரே விரியும் மன்னார் வளைகுடாவிலோ, கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் அழைக்கப்படும் பாலூட்டி கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. ஒன்று ஊனுண்ணி, மற்றொன்று தாவர உண்ணி. ஆயினும் கண்ணுக்கு எட்டாததைத் தொட்டு அறிவதற்கு இரண்டும் நம்பியிருப்பது மீசை என்னும் ஒரே வகை உறுப்பைத்தான்.

பூனையின் மேலுதட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ 12 மயிர்கள் நான்கு வரிசைகளாக அமைந்துள்ளன. கண்களுக்கு மேலும், கன்னத்திலும், மோவாயிலும், முன்னங்கால்களின் பின்புறத்திலும்கூட இவ்வகை மயிர்கள் காணப்படுகின்றன. உடலைப் போர்த்தி வெப்பத்தைக் காக்கும் ரோமத்திலிருந்து வேறுபட்டு, தொடு உணர்வுக்கென்றே அமைந்திருப்பதால் இவற்றை உணர்மயிர்கள் எனலாம். ரோமத்தைவிடத் தடித்தும் விறைத்தும் இருக்கும் உணர்மயிரின் வேர், தோலுக்குள் மிக ஆழமாகப் பதிந்து, குருதி நிறைந்த ஒரு சிறு பையால் சூழப்பட்டிருக்கிறது. மயிரின் தண்டில் நரம்பு எதுவும் இல்லை. ஆனால் அதன் நுனி ஒரு பொருளில் பட்டுச் சற்றே வளைந்தாலும் அந்த அசைவு வேர்வரை கடத்தப்பட்டு, அங்குள்ள ஏராளமான நரம்பு முனைகளைத் தூண்ட, முகத்தின் உணர்ச்சிகளைச் சுமந்து செல்லும் முப்பெருநரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கிறது.

இவ்வுறுப்பு பூனைக்கு ஏன் இன்றியமையாதது என்பதை அதன் பார்வையின் குறையே விளக்குகிறது. மங்கிய ஒளியிலும் தொலைவில் நிகழும் சிறு அசைவைக் கண்டுகொள்ளும் அதன் கண்கள், ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒரு சாண் அளவுக்குள் வந்துவிட்ட பொருளைத் தெளிவாகக் காண இயலாதவை. எலியின் மீது பாயும் பூனை, அதைக் கவ்வும் கணத்தில் தன் மீசையை முன்னோக்கி விரித்து, இரை எங்கே இருக்கிறது, எப்பக்கம் திரும்புகிறது, கழுத்து எந்த இடத்தில் உள்ளது என்பவற்றைத் தொட்டே அறிந்து, கடிக்க வேண்டிய இடத்தில் பல்லைப் பதிக்கிறது. இருளில் நடக்கும்போது சுவரும் பொருளும் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதையும், குறுகிய இடைவெளியில் நுழைய முற்படும்போது அதன் அகலத்தையும் மதிப்பிட மீசை துணைபுரிகிறது. அருகில் ஏற்படும் காற்றசைவுகூட இம்மயிர்களை அசைப்பதால், நேரடியாகத் தொடாமலே ஒன்று நெருங்குவதைப் பூனையால் உணர முடிகிறது.

மீசையின் நிலை பூனையின் மனநிலையையும் காட்டும். அமைதியாக இருக்கையில் பக்கவாட்டில் தளர்ந்தும், ஒன்றைக் கூர்ந்து கவனிக்கையில் முன்னோக்கி நீண்டும், அஞ்சுகையில் கன்னத்தோடு பின்னால் ஒட்டியும் அது நிற்கிறது. இம்மயிர்கள் அவ்வப்போது ஒவ்வொன்றாக உதிர்ந்து மீண்டும் முளைப்பது இயல்பே. ஆனால் விளையாட்டாகவோ அழகுக்காகவோ அனைத்தையும் ஒருசேர நறுக்கிவிட்டால், அவை வளரும்வரை பூனை தடுமாற நேரிடும்.

நீருக்கடியில் இவ்வுறுப்பின் பயன் இன்னும் பெரிதாகிறது. கண்ணை மறைத்த நிலையிலும் கடல்நாய்கள், நீரில் ஒரு பொருள் நகர்ந்து சென்றபின் எஞ்சும் சுழிப்பை மீசையால் உணர்ந்து அதன் தடத்தைப் பின்தொடர்வதை 2001ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆவுளியாவின் கண்கள் சிறியவை. அது மேயும் ஆழமற்ற கடலடியோ, வண்டல் கிளம்பினால் எளிதில் கலங்கிவிடுவது. கீழ்நோக்கி வளைந்த அதன் அகன்ற முகமுனையில் அடர்ந்திருக்கும் விறைப்பான உணர்மயிர்கள், மணலில் முளைத்த கடற்புல்லைத் தடவி அறியவும், அதனை வாய்க்குள் தள்ளவும் உதவுகின்றன. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரை புல்லைத் தின்னும் இவ்விலங்கு, வேரோடு பறித்து மேய்ந்து செல்லும் இடமெல்லாம் கடலடியில் நீண்ட தடங்கள் பதிகின்றன.

இத்தகைய நுண்ணிய புலனும் புல்வெளி அழிந்தபின் பயன்படாது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி கடற்புல்லைப் பெயர்த்துவிடுகிறது. வலையில் சிக்கும் ஆவுளியாவோ மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றை ஈனும் இனம் என்பதால் ஒவ்வோர் இழப்பும் ஈடுசெய்ய அரிதாகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையில் வைத்து வேட்டையைத் தடை செய்துள்ளது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக்கப்பட்டது. எனினும் சட்டத்தின் கை கடலுக்குள் எட்டுவது, வலையில் அகப்பட்ட ஆவுளியாவை அறுத்து விடுவிக்கும் மீனவரின் கைவழியேதான். அத்தகையோருக்கு வனத்துறை வெகுமதியும் வழங்கிவருகிறது.

விலங்கின் முகத்தில் உள்ள மயிரை வெறும் அணியாகக் கருதும் எண்ணம் மாற வேண்டும். வீட்டுப் பூனையின் மீசையில் கத்தரி படாமல் காப்பதும், மன்னார் வளைகுடாவின் கடற்புல் வெளியில் இழுவைமடி படாமல் காப்பதும், உயிர்கள் உலகை உணரும் வழியை மதிக்கும் ஒரே கடமையின் இரு பகுதிகளாகும்.