மரக்காணக் கடற்கரையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஹீட்டரும் எஞ்சின் அறை மாற்றங்களும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது மரக்காணம். உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பழைய கார் ஒன்றை ஓட்டிச் செல்பவர் இங்கே வெயில், ஈரப்பதம், உப்புக்காற்று மூன்றையும் ஒருசேரச் சந்திக்கிறார். 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களோ குளிர்நாட்டை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. ஆகவே அவற்றை வைத்திருப்போரிடம் முதலில் எழும் கேள்வி, ஹீட்டரைக் கழற்றிவிடலாமா என்பதுதான்.

இந்த வகைக் கார்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைக்கப்பட்டது. அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. இந்திய ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி. ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் அதே குடும்பத்தைச் சேர்ந்த 1147 சிசி.

ஹீட்டர் செய்யும் வேலை

எஞ்சினில் சூடேறிய நீரின் ஒரு பகுதி வால்வு வழியாகச் சிறிய ரேடியேட்டர் ஒன்றுக்குள் செல்கிறது. அதன் மீது விசிறி காற்றை ஊத, வெப்பம் காருக்குள் வருகிறது. நீர் மீண்டும் பம்புக்குத் திரும்புகிறது. சென்னைக் கடற்கரையில் ஜனவரி இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், காருக்குள் சூடேற்ற இதனால் பயனில்லை. வால்வு தேய்ந்து சரியாக மூடாவிட்டால் கோடையில் கால்களில் அனல் அடிக்கும். பலர் ஹீட்டரை வெறுப்பதற்கு உண்மைக் காரணம் இந்த வால்வுதான்.

ஆனால் ஹீட்டருக்கு வேறு இரண்டு பயன்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஏசி இல்லாத காரின் முன்கண்ணாடி உட்புறம் பனிபிடித்து மறைந்துவிடும். அதைத் தெளிவாக்கும் உலர்ந்த வெப்பக்காற்று ஹீட்டரிலிருந்தே வருகிறது. நவம்பர் இரவில் கடற்கரைச் சாலையில் ஒரு கையால் துணியைப் பிடித்துத் துடைத்தபடி ஓட்டுவது ஆபத்தானது. அடுத்து, எஞ்சின் கொதிக்கத் தொடங்கும்போது ஹீட்டரை முழுமையாகத் திறந்து விசிறியைப் போட்டால் அது இரண்டாவது ரேடியேட்டராகச் செயல்படும். ஓட்டுநருக்கு வேர்த்துக் கொட்டும், எஞ்சின் தப்பிக்கும்.

கழற்றுவதாக முடிவெடுத்தால், எஞ்சினிலிருந்து வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் ஒரே ஹோஸால் இணைப்பது தவறு. சூடான நீர் ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றிவரும். பெரும்பாலான எஞ்சின்களில் இரு வாய்களையும் தனித்தனியே அடைப்பதே சரி. எம்.ஜி.பி.யின் தொடக்க ஆண்டுகளில் ஹீட்டர் கூடுதல் விலைக்குரிய பொருளாக இருந்தது. ஹீட்டர் இல்லாத கார்களில் தொழிற்சாலையே இவ்வாறு தகடு போட்டு மூடியது. எடையைக் குறைக்க வேண்டிய பந்தயக் காருக்கு இது பொருந்தும். சாலையில் ஓடும் காருக்குப் புதிய வால்வும் புதிய ஹோஸ்களும் மாற்றுவதே மேல்.

பானெட்டுக்குள் செய்யும் மாற்றங்கள்

வெப்பநிலை ஏறியதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழக்கம். இதனால் எஞ்சின் தேவையான சூட்டை அடைய நேரமாகித் தேய்மானம் கூடும். முதலில் அடைபட்ட ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதும் மூடியைச் சோதிப்பதும் நல்லது. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி நீரின் கொதிநிலையை 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் காய்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மரக்காணம் பக்கம் கிணற்று நீரையோ போர் நீரையோ ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது. உப்பு கலந்த நீர் உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும். வாலைவடிநீரும் கூலன்டும் கையில் இருக்க வேண்டும்.

சுங்கச்சாவடியிலும் நெரிசலிலும் நிற்கும்போது மின்விசிறி பெரிதும் உதவும். ஆனால் பழைய டைனமோ எஞ்சின் ஐட்லிங்கில் மிகக் குறைந்த மின்சாரமே தரும். இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் மின்விசிறியும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். எனவே விசிறியோடு ஆல்டர்னேட்டரும் தேவைப்படலாம். அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும்; அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினால் அது எரிந்துபோகும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை ஊறச்செய்து இளக்கும். சூடான எஞ்சின் அறையில் கசியும் பெட்ரோல் தீப்பிடிக்கக் கூடியது. விசிறி, ரேடியேட்டர் எதற்கும் முன்பாக மாற்ற வேண்டியவை இந்த எரிபொருள் ஹோஸ்கள்தான். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் இடையே வெப்பத்தடுப்புத் தகடு இருந்தால், பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோவது குறையும்.

பானெட்டில் துளை வெட்டினால் சூடு வெளியேறும் என்பது உண்மை. அதே வழியாக மழைநீரும் உப்பு ஈரமும் உள்ளே வரும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் உப்புப் படிந்தால் மின்பொறி திசைமாறி எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். சட்டத்திலும் சிக்கல் வரலாம். 2021இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசு விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனம் அசல் வடிவில் இருந்தால்தான் பழம்பெரும் வாகனமாகப் பதிவாகும். அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மின்விசிறியைக் கழற்றிப் பழைய விசிறியை மாட்டிவிடலாம். வெட்டிய பானெட்டுக்கு மாற்றுப் பானெட் தேட வேண்டியிருக்கும். வண்டலூர் ஆலை மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.