சிவகாமிக்கு மருந்தானது எது?

இடம்பெயர்வில் எத்தனையோ பொருட்களைக் கைவிட்டு வந்தாலும் கதை வாசிக்கும் பழக்கத்தை நம்மிற் பலர் விடவில்லை. வாசிகசாலையில் இரவல் எடுத்த சரித்திர நாவல்கள் அட்டை கிழியும்வரை கைமாறுகின்றன. போரில் மனமுடைந்த பெண்ணை ஒரு வீரனின் காதல் குணப்படுத்துவதாகவே அவற்றிற் பல முடியும். "உண்மையிலும் அப்படி நடக்குமோ அக்கா?" என்று எங்கள் தையல் வகுப்பில் ஒரு தங்கை கேட்டார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கல்கியின் 'சிவகாமியின் சபதம்'.

1944 முதல் 1946 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த நாவல் இது. கதை நடப்பது ஏழாம் நூற்றாண்டில். சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி, நாட்டியத்தில் வல்லவள்; பல்லவ இளவரசர் மாமல்லரின் காதலி. சாளுக்கிய மன்னன் புலிகேசியின் படை அவளைச் சிறைபிடித்து வாதாபிக்குக் கொண்டுபோகிறது. சிறைப்பட்ட மற்றவர்களைச் சவுக்கடியிலிருந்து காக்க அவள் நாற்சந்தியில் ஆடுகிறாள். மாமல்லர் மறைந்து வந்து அழைத்தபோதும், இந்நகரம் எரிந்த பின்னரே வருவேன் என்கிறாள்.

சரித்திரத்திலும் நரசிம்மவர்ம பல்லவன் கி.பி. 642 அளவில் வாதாபியைக் கைப்பற்றினான். இலங்கை இளவரசன் மானவன்மன் அவனுக்குத் துணை நின்றதாகச் சூளவம்சம் கூறுகிறது.

சிவகாமி மறுத்ததைப் பிடிவாதம் என்பார்கள். நான் அதை நியாயம் கேட்ட குரலாகவே பார்க்கிறேன். ஆனால் ஒன்பது ஆண்டுகளின் பின் வாதாபி எரிந்தபோது அவள் மனம் ஆறவில்லை. ஊர் திரும்பினால், மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியுடன் திருமணமாகியிருந்தது. பழிவாங்கலும் அவளைக் குணமாக்கவில்லை; காதலனின் வீரமும் குணமாக்கவில்லை.

அவளைத் தாங்கியவை இரண்டு. ஒன்று, தந்தையின் மாறாத பாசம். மற்றது, அவளுடைய கலை. பகைவரின் தெருவில் எந்த நாட்டியம் அவளுக்கு அவமானமாயிற்றோ, அதையே ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன் விருப்பத்தோடு ஆடுகிறாள். இறைவனையே கணவனாக ஏற்கிறாள். அது அவள் தெரிந்தெடுத்த வழி. இழப்புக்குள்ளான எல்லாப் பெண்களுக்கும் அதை விதியாக்கக் கூடாது. மறுமணம் செய்ய விரும்பும் சகோதரிக்கு அந்த உரிமை முழுமையாக உண்டு.

மனவடு ஆறுவதற்கு மூன்று படிகள் உண்டென்று அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததை நினைத்து, சொல்லி, துக்கம் அனுஷ்டித்தல், பின்னர் வாழ்வோடும் மனிதரோடும் மீண்டும் இணைதல். அன்பு இம்மூன்றிலும் உதவும். ஆனால் அந்த அன்பு கணவனிடமிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. தாய், சகோதரி, அயலவர், தோழி எவரிடமிருந்தும் வரலாம். குற்றம் காணாமல் கேட்கும் காது போதும்.

இந்தக் கதையை வகுப்பில் பகுதி பகுதியாக வாசித்தோம். வழமையில் வாய் திறக்காத ஒருவர், "ஒன்பது வருஷம் அவள் ஆரோட மனம்விட்டுக் கதைச்சிருப்பாள்?" என்றார். சற்றுப் பொறுத்துத் தன்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். 'நான்' என்று தொடங்க முடியாததை 'அவள்' என்று தொடங்கலாம். கதையின் பயன் அதுதான்.

ஆகவே சகோதரிகளே, வாரத்தில் ஒரு மாலையாவது நாலைந்து பேர் கூடியிருந்து வாசியுங்கள். பேச விரும்புபவர் பேசட்டும். விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். நித்திரையின்மையும் பயமும் நீங்காதவரைத் தனியே விடாமல், அருகிலுள்ள உளவளத்துணையாளரிடம் கூட்டிச் செல்லுங்கள்.